ஊட்டா ஆய்தா?

தமயந்தியின் முறை வந்தபோது அவள் கைவசம் ஒரு பேய்கூட இல்லை.

கிரேஸ் வீட்டு முன்னறையில் மூன்று எவர்சில்வர் தம்ளர்கள் இருந்தன. யாராவது எட்டிப் பார்த்தால் காபி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக எவர்சில்வர். உள்ளே இருந்தது கிறிஸ்துமசுக்குப் போட்ட திராட்சை ஒயின். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு, பீங்கான் ஜாடியில் இருபத்தோரு நாள். கிரேஸின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அந்த வீட்டிலிருந்து அவள் மர்பி டவுனுக்குக் கொண்டுவந்த சீதனம் இரண்டுதான்: அந்த ஜாடி, அப்புறம் சுரங்கத்துப் பேய்கள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு அவர்கள் கூடுவார்கள். கிரேஸ் காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு ஜாடியைத் திறப்பாள். சம்பூர்ணம் பொம்மசந்திராவில் மாத்திரை பாக்கிங் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். வாரத்தில் அவளுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. தமயந்தி அல்சூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வரவேற்பு மேசையில் உட்காருபவள். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் அவள்தான் எப்போதும் முதலில் வருவாள்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. சொல்கிற பேய்க்கதை, சொல்பவளின் வீட்டிலோ தெருவிலோ நடந்ததாக இருக்க வேண்டும். படித்தது, ஃபோனில் வந்தது எதுவும் செல்லாது.

போன வருஷம் வரைக்கும் நாலாவதாக சஹானா இருந்தாள். அவள் ஒருநாள் 'நாளெ பா' கதையைச் சொன்னாள். கதவைத் தட்டி, வீட்டு மனுஷர் குரலிலேயே கூப்பிடும் பேய். அதை ஏமாற்ற ஊரே கதவில் 'நாளைக்கு வா' என்று கன்னடத்தில் எழுதி வைத்த பழைய கதை. அதைத் தன் சித்தி வீட்டில் நடந்ததாகச் சொன்னாள். கிரேஸ் முழுசாகக் கேட்டாள். சஹானாவின் தம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு மெதுவாக, "அந்தப் பேய் பெங்களூர்ல எல்லார் சித்தி வீட்டுக்கும் வந்ததுதான் சஹானா" என்றாள்.

அதற்குப் பிறகு சஹானாவை வராதே என்று யாரும் சொல்லவில்லை. 'மூணு மணி' என்று கிரேஸ் அனுப்பும் மெசேஜ் மட்டும் அவளுக்குப் போகவில்லை.

தமயந்திக்கு எந்தப் பேயைவிடவும் அந்த வராத மெசேஜைப் பற்றித்தான் பயம்.

இன்றைக்கு கிரேஸ், விளக்கறைக் கதை சொன்னாள். சுரங்கத்தில் இறங்கும்போது ஒவ்வொருவரும் நம்பர் போட்ட விளக்கை வாங்கிப் போவார்களாம். பாறை சரிந்து செத்த ஒருவரின் விளக்கு மாட்டியது மாட்டினபடி இருக்க, ஷிப்ட் முடிந்து தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்குமாம். சம்பூர்ணம், ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். கழுத்தில் ஐடி கார்டு. சேர்ந்த தேதி அடுத்த மாசம் என்று போட்டிருந்ததாம்.

இருவரும் தமயந்தியைப் பார்த்தார்கள்.

நாற்பத்தேழு வயதில் அவளுக்கு ஒரு பேய்கூட வாய்க்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு, மர்பி டவுனில் லட்சுமம்மாவின் வீட்டு மாடியில் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருக்கிறாள். ஒரு கதவு தானாகத் திறந்ததில்லை. ஒரு நிழல் அசைந்ததில்லை. பேய்க்கும் பயமுறுத்த ஒரு குடும்பம் வேண்டியிருக்கிறது போலும். ஒற்றை ஆளிடம் வந்து அது என்ன செய்யும் என்று அவளே சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

காலையில் தின்ற பன்னுக்கு மேல் இரண்டு தம்ளர் ஒயின் ஏறியிருந்தது. தினமும் கேட்டுக் கேட்டுக் காதில் தங்கிப்போன ஒரு வாக்கியம் தானாக வாயில் வந்தது.

"ஊட்டா ஆய்தா" என்றாள் தமயந்தி.

பெங்களூரில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. ஊட்டா ஆய்தா என்பார்கள், சாப்பாடு ஆச்சா என்று. அதற்குப் பதில், ஆய்து. சாப்பிட்டிருந்தாலும் ஆய்து, சாப்பிடாவிட்டாலும் ஆய்து. கேட்டவர் பதில் வருகிற வரைக்கும் நிற்பதுகூட இல்லை.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கதைக்குள் நடந்தாள். எங்கள் தெருவில் முன்னொரு காலத்தில் ஒரு ஓட்டு வீடு இருந்தது. தூரத்து ஊரிலிருந்து ஒரு மருமகள் வந்தாள். யார் கேட்டாலும் ஆய்து என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு மானம் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாமியார் கேட்டாள், ஆய்து என்றாள். நாத்தனார் கேட்டாள், ஆய்து என்றாள். தெருவே கேட்டது. கேட்ட யாரும் ஒரு தட்டு வைக்கவில்லை. நாற்பது நாள் ஆய்து ஆய்து என்று சொல்லியே அவள் செத்துப்போனாள். இப்போது உச்சி வேளையில் தெருவில் நடக்கிறாள். தெரிந்தவர்கள் குரலில் கேட்கிறாள். நிஜமாகவே சாப்பிட்டவர்களை விட்டுவிடுவாள். வெறும் வயிற்றோடு ஆய்து என்று பொய் சொன்னவர்களுக்கு மட்டும், அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் ஒட்டாது.

சொல்லி முடித்தபோது கிரேஸின் தம்ளர் பாதி வழியில் நின்றிருந்தது. சம்பூர்ணம் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"நேத்து செக்யூரிட்டிகிட்ட சும்மா ஆய்துன்னுட்டேன்டி" என்றாள்.

"இது நான் கேள்விப்பட்டதே இல்லையே. யாரு சொன்னா உனக்கு?" என்றாள் கிரேஸ்.

நான் என்று சொல்ல முடியாது. "எங்க ஓனரம்மா. லட்சுமம்மா" என்றாள் தமயந்தி. லட்சுமம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. வீட்டு வாசலைத் தாண்டி அதிகம் போகாதவள். பத்திரமான சாட்சி என்று தோன்றியது.

அந்தப் பேய் கிரேஸின் முன்னறையிலேயே இருந்திருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் கிரேஸ் அதைச் செவ்வாய்க்கிழமை சர்ச் மாதர் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். சம்பூர்ணம் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். புதன்கிழமை காலையில் தமயந்தி பால் பூத்துக்குப் போனபோது, அது அவளுக்கு முன்னாடியே வந்து நின்றிருந்தது.

பால் ஊற்றுகிறவன் வழக்கம்போல முனியப்பனைப் பார்த்து ஊட்டா ஆய்தா என்றான். முனியப்பன் தபால் இலாகாவில் ரிடையர் ஆனவர். முப்பது வருஷமாக ஆய்து என்றவர், அன்றைக்குக் கையை மார்பில் வைத்து, "பொய் சொல்ல மாட்டேம்பா. இன்னும் ஆகல" என்றார்.

இப்படி ஒரு பதிலை அந்தத் தெரு கேட்டதில்லை. ஆகல என்று சொன்னவரை அப்படியே அனுப்ப முடியுமா? ஒரு வீட்டுக்காரி இரண்டு இட்லி கொண்டுவந்தாள். முனியப்பன் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பக்கம் நடந்தார். அங்கேயும் கேட்டார்கள். சாப்பிட்டது டிபன்தான், ஊட்டா இல்லையே என்று அவர் உண்மையையே சொன்னார்.

வெள்ளிக்கிழமைக்குள் தெருவில் பாதிப் பேர் உண்மை பேசத் தொடங்கிவிட்டார்கள். மீதிப் பாதிப் பேர் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டரைக்குக் கதவுகள் சாத்தப்பட்டன. ஊட்டா ஆய்தாவுக்குப் பதிலாகத் தண்ணி வந்துச்சா என்று கேட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் வந்து எதிர்ப்பக்கம் வராத தெரு அது. இரண்டு சண்டை ஆனது.

தமயந்தியின் லேபில் வேறு மாதிரி ஆனது. சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். எதாவது சாப்பிட்டீர்களா என்று அவள் தினமும் கேட்பாள். இல்லை என்பார்கள். மீசையில் காபி நுரை இருக்கும். அவளும் எழுதிக்கொள்வாள். அந்த வாரம் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒப்புக்கொண்டார்கள். ஒரு பெரியவர், இரண்டு வடை என்று தலை குனிந்து சொன்னார். ஒரு அம்மாள், இன்றைக்கு மட்டுமில்லை, போன மூன்று தடவையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று அழுதாள்.

"இன்னாம்மா இது, ஊரே திடீர்னு உத்தமராயிடுச்சு?" என்று மேனேஜர் சுந்தரமூர்த்தி கேட்டார். ரத்தம் பிடிக்கும் குழாய்கள் காலியாகத் தட்டில் அடுக்கினபடியே இருந்தன.

சாப்பிட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கன்னடக்கார அம்மாள் ஒருத்தியிடம் தமயந்தி பணிவாக, நாளெ பன்னி என்றாள், நாளைக்கு வாருங்கள் என்று. அந்த அம்மாள் நின்றாள். நாளைக்கு வா என்று கதவில் எழுதிப் பேயைத்தானே விரட்டுவார்கள், என்னைப் பார்த்தால் உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டு, சுந்தரமூர்த்தியின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாலையில் வீடு திரும்பினால் லட்சுமம்மா இருந்தாள். தெருவே கேட்பதை நிறுத்தியும் அவள் மட்டும் நிறுத்தவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, கையில் எதையாவது உரித்துக்கொண்டு, "ஊட்டா ஆய்தா?" என்பாள்.

"ஆய்தும்மா" என்று சொல்லிக்கொண்டே தமயந்தி ஏறிவிடுவாள்.

ஏறின பிறகுதான் உறைத்தது. மத்தியானம் லேபில் இரண்டு பிஸ்கட், ஒரு டீ. ராத்திரிக்குப் பால். ஒருத்திக்குச் சமைப்பது எப்போதும் கணக்கு உதைக்கிற காரியம். அரிசி கால் ஆழாக்கு போட்டாலும் மிஞ்சும், மிஞ்சினதைப் பார்த்தால் இன்னொரு ஆள் வராமல் போனது மாதிரி இருக்கும். அதனால் விட்டுவிட்டாள். விட்டதில் கஷ்டமும் இல்லை. ஆனால் இப்போது ஆய்து என்று சொன்ன வாய் உலர்ந்தது. தான் செய்த பேய்க்குத் தானே பயப்படுகிற அசட்டுத்தனத்தை நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து கைப்பையில் ஒரு பன் வைத்துக்கொண்டாள். தெருமுனையில் நின்று அவசர அவசரமாக அதை விழுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தாள். இப்படியாக, ஆய்து என்பது உண்மையாயிற்று.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சம்பூர்ணத்தின் ஃபோன் வந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம கிரேஸ் வூட்ல வேணாம். உங்க வூட்டுக்கே வந்துர்றோம். ஓனரம்மா வாயாலயே அந்தக் கதயக் கேக்கணும்."

தமயந்தி ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அந்தம்மாள், எந்தக் கதை என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கிரேஸ் சத்தம் போட மாட்டாள். ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுப்பாள். அதோடு மெசேஜ் நின்றுபோகும்.

"அவங்க ஊர்ல இல்லக்கா. வைட்ஃபீல்ட்ல பையன் தினேஷ் வீட்டுக்குப் போயிருக்காங்க. வர மாசமாகும்."

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் ஃபோன். கம்பெனி பஸ் அல்சூர் மார்க்கெட் சிக்னலில் நின்றபோது, சம்பூர்ணம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"உங்க ஓனரம்மா ஒரே நேரத்துல வைட்ஃபீல்ட்லயும் இருக்காங்க, இங்க அவரைக்கா பேரம் பேசிக்கினும் இருக்காங்களே. இன்னாடி, அவங்களும் பேயா?"

தமயந்தி சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்த இன்னொன்று. இது வெறும் முட்டுக்கொம்பாக இருந்தால் போதாது, தூணாக இருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். லட்சுமம்மாவுக்கு அதைப் பற்றிப் பேசப் பிடிக்காது. பட்டினி கிடந்து செத்த மருமகள் வேறு யாரும் இல்லை, அவர்கள் குடும்பத்துப் பெண்தான். லட்சுமம்மாவின் ஓரகத்தி. கேட்டால் அழுதுவிடுவார்கள்.

இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவள் நினைத்தாள். மனுஷர்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

கிரேஸே கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. இத்தனை வருஷம் அந்தம்மா இதை மனசில் வைத்துக்கொண்டு ஒண்டியாக இருந்திருக்கிறார்களே, நாம் பாட்டுக்குக் கதை என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டோமே என்று வருத்தப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் மன்னிப்புக் கேட்பதாகத் தீர்மானம். செத்தவளுக்காக கிரேஸ் ஒரு ஜெபம் பண்ணுவாள். சம்பூர்ணம் அதோடு விடுவதாக இல்லை. பசியோடு போனவளுக்கு ஜெபம் போதாது, இலை போட்டுப் படையல் வைக்க வேண்டும் என்று மட்டன் குழம்புக்குச் சொல்லிவிட்டாள். ஒயினும் வரும்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் லட்சுமம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தமயந்தி ஜன்னல் வரைக்கும் போனாள். ஊட்டா ஆய்தா என்றாள் லட்சுமம்மா. ஆய்தும்மா என்று சொல்லிவிட்டு ஏறிவந்தாள். அந்த ஒரு பதிலைச் சொன்ன பிறகு வேறு எதுவும் பேச முடியாமல் போவதை அவள் முதல் தடவையாகக் கவனித்தாள். அது பதில் இல்லை, தாழ்ப்பாள்.

ஞாயிறு மத்தியானம் இரண்டரை மணிக்கு, அவர்கள் வர அரை மணி இருக்கும்போது, வேறு வழியில்லாமல் கீழே இறங்கி உள்ளேயே போனாள். பதினோரு வருஷத்தில் அந்தச் சமையலறைக்குள் அவள் நுழைந்தது மூன்றோ நாலோ தடவை. லட்சுமம்மா ஊறவைத்த அவரைக் கொட்டைகளைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கொட்டையும் தொப்பென்று கிண்ணத்தில் விழுந்தது.

"பாம்மா. கூத்துக்கோ" என்று உட்காரச் சொல்லி மணையைத் தள்ளினாள்.

தமயந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒயினைச் சொன்னாள். சஹானாவைச் சொன்னாள். தனக்கென்று ஒரு பேய் இல்லாததைச் சொன்னாள். உங்கள் வீட்டில் இல்லாத ஒரு ஓரகத்தியைப் பிறக்கவைத்து, கட்டிக்கொடுத்து, பட்டினிபோட்டுக் கொன்றும் விட்டேன் என்று சொல்லும்போது மூக்கை உறிஞ்சினாள்.

"அவங்க இப்ப வந்துருவாங்கம்மா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஆமான்னு தலை மட்டும் ஆட்டுங்க. இல்லன்னா ஞாயித்துக்கெழம போறதுக்கு எனக்கு வேற இடமில்ல."

லட்சுமம்மா இரண்டு கொட்டைகளைப் பிதுக்கினாள்.

"அந்தப் பொண்ணு, யார் கேட்டாலும் ஆய்து ஆய்துன்னு சொல்லுமா?"

"ஆமாம்மா."

"சாப்புடாம?"

"கதைலம்மா."

"சரி. வரட்டும்" என்றாள் லட்சுமம்மா. புரிந்ததா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை.

அவர்கள் வந்தார்கள். சம்பூர்ணத்தின் கையில் நாலடுக்குக் கேரியர், கிரேஸின் கையில் துணி சுற்றிய பாட்டில். கிரேஸ் லட்சுமம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாமல் பரப்பிவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்றாள். லட்சுமம்மா பாட்டிலைப் பார்த்தாள்.

"திராட்ச ஜூஸா?"

"அதேதாம்மா. கொஞ்சம் பழசு" என்றாள் கிரேஸ்.

லட்சுமம்மா ஒரு தம்ளர் குடித்தாள். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் வாங்கிக்கொண்டாள். தலை மட்டும் ஆட்டுவாள் என்று தமயந்தி காத்திருக்க, அவள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவ வர்றப்போ செருப்பு சத்தமே கேக்காது" என்று தொடங்கினாள். "கழட்டிக் கைல எடுத்துக்குவா. கீழ இருக்கறவங்களுக்குத் தொந்தரவாம்."

கிரேஸ் முன்னால் நகர்ந்தாள். "நீங்களே பாத்திருக்கீங்களா?"

"தினமும்."

தமயந்தி நிம்மதியும் திகிலுமாக மூச்சை விட்டாள். இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லையே. ஆனால் லட்சுமம்மா போனாள். அவள் மாடிக்கு ஏறுவாள், நாலாவது படியில் ஒரு நொடி நிற்பாள் என்றாள். யாராவது இன்னும் ஒரு வார்த்தை கேட்பார்களோ என்று நிற்கிற மாதிரி இருக்குமாம். பிறகு ஏறிவிடுவாளாம். ஒப்பட்டு, நம் போளிதான், செய்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தால், வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று சர்க்கரை போட்டுத் திருப்பித் தருவாளாம். ஒப்பட்டைச் சாப்பிட்டாளா என்று தெரியாது. சர்க்கரை மட்டும் விளிம்பு வரைக்கும் இருக்கும்.

கிண்ணத்தில் சர்க்கரை போட்டுக் கொடுப்பது தமயந்தியின் வழக்கம். பரவாயில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பொய் சொல்கிறவர்கள் கைக்குப் பக்கத்தில் கிடப்பதைத்தான் எடுப்பார்கள். நான் இந்தம்மாவின் வாக்கியத்தை எடுத்தேன், இந்தம்மா என் சர்க்கரையை எடுக்கிறாள்.

"தமயந்தி, நீ ஓட்டு வீடுன்னுதானே சொன்னே. மாடி எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் கிரேஸ். கேள்வி தமயந்தியிடம். கண் லட்சுமம்மாவிடம்.

"அப்புறமா கட்டினாங்க" என்றாள் தமயந்தி. 

"ம்" என்றாள் கிரேஸ்.

லட்சுமம்மா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேல போனதும் காது வெச்சுக்கினு இருப்பேன். குழாய்ல ஒரு தம்ளர் தண்ணி புடிக்கிற சத்தம். அவ்ளோதான். ஒரு நாளாச்சும் கடுகு வெடிக்கணுமே. வெடிக்காது. கடுகு வெடிக்காத வீட்ல மனுஷங்க இருக்காங்கன்னு எப்பிடிச் சொல்றது?"

 எப்போதும் இடையில் புகுந்து பேசும் சம்பூர்ணம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேய்க்கதை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தமயந்தி மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். ரத்தம் இல்லை, தலைவிரி கோலம் இல்லை, கடுகை வைத்தே முதுகைச் சில்லிட வைக்கிறாளே இந்தம்மா.

"அவ ஏம்மா வாயத் தொறந்து கேக்கல?" என்றாள் கிரேஸ், மிகவும் மெதுவாக.

"கேட்டா ஒண்டின்னு தெரிஞ்சு போயிடுமே" என்றாள் லட்சுமம்மா. "அவ கேக்கலங்கறது இருக்கட்டும். நானும்தான் ஊட்டா ஆய்தான்னு கேட்டதோட சரி. ஒரு தட்ட எடுத்துக்கினு நாலு படி ஏறியிருக்கலாம். ஏறல. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்குது."

கிரேஸ் கண்ணை மூடி ஜெபம் செய்தாள். வழக்கமாக நீளமாகப் போகும் அவள் ஜெபம், அன்றைக்கு இரண்டே வாக்கியத்தில் முடிந்தது. சம்பூர்ணம் எழுந்து இலை போட்டாள். சோறு, மட்டன் குழம்பு, வறுவல், ஒரு முட்டை. லட்சுமம்மா தன் பங்குக்கு பிதுக்கின அவரைக் குழம்பைக் கொண்டுவந்து ஊற்றினாள்.

இலை நிறைந்து ஆவி பறந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"படச்சத வீணாக்கக் கூடாது. யாராச்சும் உக்காந்து சாப்புடணும்" என்றாள் சம்பூர்ணம்.

"தமயந்தி, நீ உக்காரு" என்றாள் கிரேஸ்.

"நானா? எனக்கு ஆச்சுப்பா."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தார்கள். தான் கட்டின பேயின் சட்டம் தமயந்திக்கு ஞாபகம் வந்தது. சட்டென்று இலை முன் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் கவளத்திலேயே அவளே எதிர்பார்க்காத அளவுக்குப் பசித்தது. சம்பூர்ணம் கேட்காமலேயே மறுசோறு போட்டாள். போதும் என்று இலையை மறைத்த கையைத் தட்டிவிட்டு அதன் மேலேயே குழம்பை ஊற்றினாள். கிரேஸ் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் தங்கவயலில் ரேஷன் அரிசிச் சோறு எப்படி நாறும் என்று எதையோ பேசிக்கொண்டிருந்தாள். பேயைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு இலை சோறு காலியாவதை மூன்று பெண்கள் இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதை, படையலின் பக்தி என்று தமயந்தி எடுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது கிரேஸ் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். மெசேஜ் நிற்கப்போகிற கணம் இதுதான் என்று தமயந்தி நினைத்தாள்.

"அடுத்த வாட்டிலேருந்து மூணு மணிக்கு வராத" என்றாள் கிரேஸ்.

தமயந்தி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மணிக்கே வந்துடு. எல்லா ஞாயித்துக்கெழமையும். வரலன்னா சம்பூர்ணத்த அனுப்பி இழுத்துக்கினு வரச் சொல்வேன்."

அவர்கள் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பித்துவிட்டாள். தப்பித்தது மட்டுமா, இரண்டு மணி நேரம் கூடுதலாகவும் கிடைத்திருக்கிறது. ஓடிவந்து, அவரைத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்த லட்சுமம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"அம்மா, எப்பிடிம்மா? எனக்கே நம்பிக்க வந்துடுச்சு. இல்லாத பேயப் பத்தி இவ்ளோ பொய்ய எங்கேருந்தும்மா எடுத்தீங்க?"

லட்சுமம்மா கையை விடுவித்துக்கொள்ளாமலேயே சொன்னாள்.

"பேயா? பதினோரு வருஷமா மாடியில நீ இருக்கறதத்தாம்மா சொன்னேன். உன் ஃப்ரெண்டுங்களுக்குப் பாதியிலயே புரிஞ்சுடுச்சு."